தையல் மிஷின் மேல் விழுந்த பழி

டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, வயரிங் எப்படிச் செய்வது என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்களுக்கு ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சத்தை நீங்களே செல்போனில் பார்த்துக்கொள்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

"வீட்டில் அடிக்கடி டிரிப் ஆகுது, வாங்க" என்று உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் போய்ச் சேருவதற்குள் அந்த வீட்டில் விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். உங்களைக் கூப்பிடுவது அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போடத்தான். குற்றவாளி இன்னார் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தக் குற்றவாளி பெரும்பாலும் வீட்டில் யாருக்குப் பேச்சு குறைவோ அவருடைய சாமானாகத்தான் இருக்கும். மாமியார் கை ஓங்கிய வீட்டில் மருமகளின் மிக்ஸி. மருமகள் கை ஓங்கிய வீட்டில் மாமியாரின் வெந்நீர் ஹீட்டர். மின்சாரத்துக்கு இந்த உறவுமுறை எதுவும் தெரியாது என்பதுதான் நமக்குப் பிழைப்பு.

நான் கடை நடத்துவதை விடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு புது வீடு. வீட்டுக்காரர் ராமையா வளைகுடாவில் நெடுங்காலம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே சாமான்களைக் கணக்குப் பார்த்த மனிதர், இங்கே வந்து ஊரைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, கண்மாய்ச் சங்கம், யார் வீட்டு அண்ணன் தம்பி சண்டை என்றாலும் பஞ்சாயத்து. காலையில் பலகாரம் சாப்பிட்டுக் காரை எடுத்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார், மறுபடி சாயங்காலம் கிளம்புவார். வீட்டின் முன்னால் ஒரு பெரிய இரும்புத் தள்ளு கேட். கேட்டின் ஓரத்தில் கருங்கல் தூண், அதில் அவர் பெயரும் பதவிகளும் விளக்கு எழுத்தில். அந்த எழுத்துக்கு சுவிட்ச் கிடையாது. பகலிலும் எரியும். வெயிலில் யார் படிக்கப் போகிறார்கள் என்று அவரிடம் கேட்கத் துணிந்தவர் யாரும் இல்லை.

அவர் மகன் செந்தில் அப்போது துபாயில் இருந்தான். மருமகள் கவிதா கீரனூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்பே தையல் படித்தவள். வரும்போதே மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண ரவிக்கை தைப்பாள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வந்தார்கள். அதில் மாமியார் அழகம்மாளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அந்த அம்மாள் வீட்டில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவருடைய தம்பி முத்துக்கருப்பன் பேசிவிடுவார். முத்துக்கருப்பனுக்கு எல்லாத் தொழிலும் தெரியும். எதையும் செய்ததில்லை.

நான் முதல் தடவை போனபோது ராமையா எனக்காகவே வெளியூர் வேலையைத் தள்ளிவைத்து வீட்டில் இருந்தார். நான் டூவீலரில் போய்ச் சின்ன கேட் வழியாக உள்ளே நுழைந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். செம்பைக் கீழே வைப்பதற்குள் முத்துக்கருப்பன் என்னை மாடிக்கு அழைத்துப் போய்த் தையல் மிஷினின் முன்னால் நிறுத்தினார்.

"இதுதாங்க. மச்சான் அங்கிட்டு வெளிய போகணும், இங்கிட்டு இவுக மிஷின்ல உக்காரணும், டப்புனு கரண்டு போயிரும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும்."

ராமையாவும் மாடிப்படியில் நின்றபடி அதை ஆமோதித்தார். அவர் வீட்டில் இல்லாதபோதுதான் அது நடக்கிறதாம். மத்தியானம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டில் கரண்ட் இருக்காதாம். உள்ளே வந்தால் மருமகள் வாஷிங் மெஷினையோ கிரைண்டரையோ போட்டிருப்பாளாம். தான் உள்ளே நுழையும் நேரம் பார்த்து இதைச் செய்கிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் மனக்குறையும் இருந்தது.

கவிதா கதவோரம் நின்றிருந்தாள். கையில் அளவு நாடா. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் வந்தவர்களின் வேலையும் அங்கே கண்ணில் பட்டது. ஒருவர் டிரிப்பரை மாற்றியிருந்தார். கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தைச் சட்டென்று வெட்டுகிற அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். அது சரியில்லை என்று புதிதாகப் போட்டார், புதியதும் அதே வேலையைச் செய்தது. இன்னொருவர் எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் கொட்டியிருந்தார். மூன்றாமவர் மின்சாரம் தெரிந்தவர் இல்லை. வாஸ்து தெரிந்தவர். சுவிட்ச் போர்டு இருக்கக்கூடாத மூலையில் இருக்கிறது, அக்கினி கோபத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதை மட்டும் எல்லோரும் மரியாதையாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

கசிவு காட்டும் மெக்கர் கருவியை வைத்து நான் மிஷினைப் பார்த்தேன். துளி கசிவு இல்லை. வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார், அறை அறையாக வயரிங், எல்லாம் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. கவிதாவைத் தைக்கச் சொன்னேன். அவள் ஒரு ரவிக்கையின் கையை முழுக்கத் தைத்து முடித்தாள். விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தேன். அதற்கு முத்துக்கருப்பன் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது அடங்கியிருக்குமாம்.

மிஷினில் குறை இல்லை என்று நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ராமையா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஒப்புக்கொண்டேன் என்று பொருள் இல்லை. இவனுக்கும் தெரியவில்லை என்று பொருள். மறுநாள் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மறுபடி கரண்ட் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை முத்துக்கருப்பன் எனக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ தேர்தல் முடிவு சொல்வது போல. செந்தில் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்து, கொஞ்ச நாளைக்கு மிஷினை உன் அம்மா வீட்டில் போட்டு வை என்று பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். அங்கே அவனுக்கு என்ன நெருக்கடியோ, வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் அவனுக்கு. மிஷினைச் சாக்கில் சுற்றிக் கீரனூருக்கு அனுப்பினார்கள். முகூர்த்த நாள்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. ரவிக்கைத் துணி கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மிஷின் போன மறுநாளும் டிரிப் ஆனது. நியாயமாகப் பார்த்தால் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை தண்டனை கொடுத்துவிட்டால் திரும்பப் பெறும் வழக்கம் நம்மிடம் இல்லை. அடுத்த குற்றவாளியைத் தேடினார்கள். வாஷிங் மெஷினின் வயரைப் பிடுங்கினார்கள். கவிதா துணியைக் கையால் துவைத்தாள். பிறகு கிரைண்டர், பிறகு மிக்ஸி. அவள் அம்மியில் அரைத்தாள். அவள் தொடுவதற்கு மின்சாரச் சாமான் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் டிரிப் நிற்கவில்லை. அப்போதுதான் முத்துக்கருப்பன் அந்தப் பேச்சை எடுத்தார். வீட்டில் கரண்ட் போக ஆரம்பித்ததே இவள் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதானே என்று.

தம்பிகளே, சாமானில் தொடங்கிய பழி ஆளிடம் வந்து நின்றதைப் பார்த்தீர்களா? நாம் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பாதி இப்படித்தான் வளரும். நான் மறுபடி வருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். போர்டை மூலை மாற்றி வைப்பதாக இருந்தால் வாருங்கள் என்றார் ராமையா. அதற்கு நான் வரவில்லை என்றேன். பேச்சு நின்றுபோனது.

பிறகு ராமையாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வீட்டிலேயே பந்தல். அன்று காலையில் முத்துக்கருப்பன் போன் செய்தார். தேர்தல் குரல் இல்லை, அவசரக் குரல். உடனே புறப்பட்டு வாங்க என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு கொதித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றுபோய் உறவுக்காரர்கள் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஐயர் வேர்வையைத் துடைத்து முடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மைக் செட்காரர் சும்மா நின்றார். பந்தல் வாசலில் கட்டிய வாழை மரத்தை ஆடு தின்றுவிடும் என்பதால் கேட்டைத் திறந்து போட ராமையா விடவில்லை. ஒவ்வொரு கார் வரும்போதும் கேட்டைத் தள்ளுவதும் மூடுவதுமாக இருந்தது. கரண்டும் போவதும் வருவதுமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. எனக்கும் அந்த நிமிஷத்தில் படவில்லை. என்னைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் கீரனூரைத் தாண்டிவிட்டதாம். முத்துக்கருப்பன் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருந்தார்.

"டிரிப்பரைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்துருங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானே."

"இன்னைக்குத்தாண்ணே வீடு நெறைய ஆளு இருக்கு" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். ராமையா முன்னால் வந்தார். பட்டு வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆனால் முகம் கடுத்திருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் கரண்ட் இல்லாமல் நின்று மானம் போவதைவிட வேறு எது நடந்தாலும் பரவாயில்லை என்கிற முகம்.

"நீங்க போட்டுக் குடுக்குறீங்களா, இல்ல பந்தல்காரரை வச்சுப் போட்டுக்கிறவா?"

பந்தல் லைட் போடுகிறவர் கையில் கட்டிங் பிளேயரோடு தயாராக இருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அன்று ஒரு நாள்தான் அந்த வீடு. எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அந்த டிரிப்பர் புதிதாக மாற்றிய பிறகும் வெட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் அது பொய் சொல்லவில்லை. எங்கேயோ கசிவு இருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத கசிவோடு, குழந்தைகள் ஓடித்திரியும் வீட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அது வீட்டுக்காரராக இருந்தாலும்.

நான் வாதம் செய்யவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைத் திறந்து, பீஸ் கட்டையைக் கழற்றி என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

"காரணம் தெரியாம இதை வெளிய எடுக்க மாட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பாக்க விடுங்க. அதுக்கப்புறம் போலீசுக்கு வேணாலும் போன் போடுங்க."

ராமையாவை யாரும் அப்படி நிறுத்தி வைத்ததில்லை. முத்துக்கருப்பன் கோபத்தில் ஏதோ ஆரம்பித்தார். பெரியவர்களில் ஒருவர், சண்டை போடுற நேரத்துல அவரைப் பாக்கச் சொல்லுங்கப்பா என்று அதட்டினார். அன்றைக்கு எதுவும் கண்டுபிடிக்காமல் நான் வெளியே வந்திருந்தால், அந்தப் பக்கத்தில் எனக்கு இனி ஒரு பல்பு மாட்டும் வேலைகூடக் கிடைத்திருக்காது.

நான் அடுப்படிக்குப் போனேன். எல்லா டிரிப்பின்போதும் வீட்டுக்குள்ளே இருந்தவள் ஒருத்திதான். கவிதா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். விருந்து நாளிலும் அவளுக்கு மிக்ஸி அனுமதி இல்லை. அழகம்மாள் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் கேட்ட கேள்வி ஒன்றுதான். கரண்ட் போவதற்கு முன்னால் எதைப் போட்டீர்கள்? நான் கேள்வியை மாற்றினேன்.

"கரண்டு போறதுக்கு மொத நிமிஷம் ஒனக்கு என்னம்மா சத்தம் கேக்கும்?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். குழவியை நிறுத்தினாள்.

"கேட்டுச் சத்தம்ண்ணே. மாமா வண்டிய எடுக்க கேட்டைத் தள்ளுவாங்கள்ல, கடகடன்னு கேக்கும். பாதியில மிஷின் நின்னுரும்."

"இதை ஏம்மா யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா மாமாவைச் சொன்ன மாதிரி ஆயிருமே."

அழகம்மாளின் கை தேங்காயில் அப்படியே நின்றது.

நான் வெளியே வந்து கேட்டைப் பார்த்தேன். முதல் தடவை வந்தபோது அதைத் திறக்கவே இல்லை. ராமையா என்னைக் கவனிப்பதற்காக அன்று முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கேட் அசையவில்லை, கரண்டும் போகவில்லை. பெயர் எரிகிற தூண் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதற்கு வயர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். வயரிங் எல்லாம் முடிந்த பிறகு போர்டு எழுதும் கடைக்காரர் வந்து, போர்ட்டிகோ விளக்கிலிருந்து இழுத்து, கேட் ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயில் விட்டுவிட்டுப் போனாராம்.

பீஸ் கட்டையைத் திரும்ப மாட்டினேன். மின்விசிறிகள் சுற்றின. பந்தலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரும் கேட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மிச்சம் கிடந்த காய்ந்த சவுக்குக் கம்பு ஒன்றால் கேட்டை நானே மெதுவாகத் தள்ளினேன். கேட் நகர்ந்தது. சக்கரம் தண்டவாளத்தின் நடுப்பகுதிக்கு வந்தது. மின்விசிறிகள் நின்றன.

அப்புறம் எல்லாம் ஒரு மண்வெட்டி வேலைதான். தண்டவாளம் அந்த இடத்தில் அமுங்கியிருந்தது. குழாய் நசுங்கி, வயரின் தோல் உரிந்திருந்தது. சக்கரம் மேலே வரும்போது மட்டும் வயர் இரும்பில் ஒட்டும். நகர்ந்துவிட்டால் விலகிக்கொள்ளும். அதனால்தான் மெக்கரில் தெரியவில்லை. ஒட்டுகிற அந்த நொடியில் அந்த இரும்பு கேட் முழுவதிலும் கரண்ட் பாயும். டிரிப்பர் அதே நொடியில் வெட்டிவிடும்.

"தெனமும் கேட்டைத் தள்ளுறது யாரு?" என்று கேட்டேன்.

எல்லோரும் ராமையாவைப் பார்த்தார்கள். வேறு யாரையும் அந்தக் கேட்டில் கைவைக்க அவர் விடமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, கை அப்பப்ப சுருக்குனு இழுக்கும், சர்க்கரையால நரம்பு தளர்ந்துபோச்சுன்னு டாக்டர்ட்ட மாத்திரை வாங்கிச் சாப்புடுறேன் என்றார். அந்த மாத்திரை அவருக்கு நன்றாக வேலை செய்வதாகவும் முன்பு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மிஷினையும் மிக்ஸியையும் ஒவ்வொன்றாகத் தூக்கியெறிந்துகொண்டிருந்த அத்தனை நாளும், அவர் திட்டித் தீர்த்த அந்தச் சின்னப் பெட்டிதான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதைத் தூக்கிவிட்டு டைரக்டாகக் கொடுத்திருந்தால், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க அவர்தான் கேட்டைத் தள்ளியிருப்பார்.

இதை நான் விளக்கிச் சொல்லவில்லை. முத்துக்கருப்பனே புரிந்துகொண்டு பந்தல் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

பெயர்ப் பலகையின் இணைப்பை நான் வெட்டப் போனபோது மட்டும் ராமையாவுக்குக் குரல் திரும்பியது. சம்பந்தி வீடு வருகிற நேரத்தில் பேர் எரியாமல் இருந்தால் எப்படி என்றார். பேர் எரியணுமா, ஆளு இருக்கணுமா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். வெட்டிவிட்டேன். கேட்டைப் பல தடவை தள்ளிப் பார்த்தோம். மின்விசிறி நிற்கவில்லை. வேன் வந்து சேர்ந்தது. நிச்சயம் நல்லபடியாக நடந்தது. விருந்தில் ராமையா சம்பந்தியிடம், வயரிங்கில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது, காலையில்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "கண்டுபிடித்தோம்" எனக்கு எட்டியது. நான் பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மருமகளிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. நம் பக்கத்து மாமனார்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சில நாள் கழித்து தண்டவாளத்துக்கடியில் கனமான குழாய் போட்டுப் புது கேபிள் இழுக்க நான் போனபோது, ராமையா கீரனூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் தையல் மிஷின் இருந்தது. அவரே ஒரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கினார். ஒங்க அத்தைக்கு ரவிக்கை தைக்கணுமாம் என்று மட்டும் கவிதாவிடம் சொன்னார். அவள் சரி மாமா என்றாள். துணியைத் திருப்பி வாங்கிப் போன பெண்கள் வருவார்களா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது நீங்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டியது இதுதான். அவசரப்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்டு ஒரு பாதுகாப்பையும் கழற்றாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும். வீட்டில் எல்லோரும் ஒரு சாமானைக் காட்டினால் அதைச் சோதித்துவிட்டு, யாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையோ அவரிடம் போங்கள். அவருக்கு மின்சாரம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர்தான் அங்கே இருந்திருப்பார்.

கேபிளை இழுத்து முடித்துவிட்டு, இனி பெயருக்கு ஒரு சுவிட்ச் வைத்தாக வேண்டும் என்றேன். ராமையா நெடுநேரம் யோசித்தார். ஹாலில் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் என்றார். இல்லை, படுக்கை அறை என்றார். போர்ட்டிகோவே நல்லது என்றார் முத்துக்கருப்பன், இத்தனைக்கும் பிறகு.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அழகம்மாள் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"இங்கிட்டு அடுப்படியில போடுங்க தம்பி. நாங்க பாத்துப் போட்டுக்கிறோம்."

ராமையாவைப் பார்த்தேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரில்லை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.